நவம்பர் எண்ணெய்: ஐந்து லீற்றர் தகரமா, அரை லீற்றர் போத்தலா?

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்த முதல் வருடங்களில் ஒலிவ் எண்ணெயை விலையைப் பார்த்துத்தான் வாங்கினேன். அப்புறம் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. நவம்பரில் புது எண்ணெய் வந்த அன்று அந்த வீட்டு சிஞ்ஞோரா ஒரு பாண் துண்டைச் சுட்டு, மேலே எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவி என் கையில் தந்தார். கடித்து விழுங்கினேன். தொண்டையில் மிளகு பட்டது போலச் சுரீரென்று பிடித்து இருமல் வந்துவிட்டது. என் மனதில் ஓடியது ஒன்றுதான்: எண்ணெய் காறுது, கெட்டுப்போச்சு.

ஊரில் நமக்கு அப்படித்தானே பழக்கம். தேங்காய் எண்ணெய் பழசானால் காறும். காறினால் கறிக்கு உதவாது என்று ஒதுக்கி வைப்போம். ஆனால் சிஞ்ஞோரா என் இருமலைக் கேட்டு முகம் மலர்ந்து சொன்ன சொல் 'பீத்சிக்கா'. சுள்ளென்று கடிக்கிறது என்று பொருள். இங்கே அது எண்ணெய்க்குக் கொடுக்கும் பாராட்டு.

ஒலிவ் எண்ணெய் விஷயத்தில் நம் மூக்கையும் தொண்டையையும் புதிதாகப் பழக்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரும் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஆலையில் போய் ஐந்து லீற்றர் தகரம் வாங்குவதா? கடையில் கறுத்த அரை லீற்றர் போத்தலை அவ்வப்போது வாங்குவதா? சுப்பர் மார்க்கெட்டில் சலுகை போடும்போது உள்ளே தெரியும் வெள்ளைக் கண்ணாடிப் போத்தலை அள்ளிக்கொண்டு வருவதா? தெரிந்தவரின் தோட்டத்திலிருந்து வரும் பிளாஸ்டிக் கானை நம்புவதா? நான்கையும் செய்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். வேறு நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்குத் தெரிவுகள் கொஞ்சம் மாறும், ஆனால் எண்ணெயைக் கெடுக்கும் காரணங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

முதலில் அந்தக் காறலை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லா ஒப்பீட்டுக்கும் அதுதான் அளவுகோல். சிசிலியின் மேற்குக் கரையில் மலை உச்சியில் ஏரிச்சே என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கூட்டத்துக்கு வந்திருந்த பிலடெல்பியா மொனெல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானி ஒருவருக்குப் புது எண்ணெயைச் சுவைக்கக் கொடுத்திருக்கிறார்கள். வலிமருந்தான இபுபுரூஃபனைத் தண்ணி மருந்தாக விழுங்கும்போது தொண்டையில் எப்படிப் பிடிக்குமோ அதே மாதிரி இதுவும் பிடிக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. அந்தச் சந்தேகத்தைப் பின்தொடர்ந்து போய், 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எழுதினார்கள். எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள்தான் காரணம்; அதற்கு ஒலியோகன்தால் என்று பெயர் வைத்தார்கள். இபுபுரூஃபன் தடுக்கும் அதே நொதிகளை அதுவும் தடுக்கிறது. நாக்கில் படாமல் தொண்டையில் மட்டும் சுள்ளென்பதற்கும் காரணம் உண்டு: அதை உணரும் ஏற்பி தொண்டைப் பக்கம்தான் நிறைய இருக்கிறது.

எண்ணெய் பழசாகப் பழசாக இந்தச் சுள் குறைந்துகொண்டே போகும். ஆகவே நவம்பரில் இருமவைத்த எண்ணெய் ஆனியில் சாதுவாகிவிட்டால், அது பக்குவப்பட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது, களைத்துப்போய்விட்டது. வைன் மாதிரி இதற்கு வயதாவதில் பெருமை இல்லை. கெட்டுப்போன எண்ணெயின் அடையாளம் தொண்டையில் இல்லை, மூக்கில் இருக்கிறது. சிக்கு நாற்றம் என்று நாம் சொல்வது அதைத்தான். திறந்து மாதக்கணக்கில் கிடந்த கச்சான் பருப்பு, பிள்ளைகளின் மெழுகு வண்ணக்கட்டி, பழைய வோல்நட் – இந்த மூன்றில் ஒன்று மணத்தால் அந்த எண்ணெயின் கதை முடிந்தது. ஆக, நம்மூர்ப் பேச்சில் காறலும் சிக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்கள். ஒலிவில் ஒன்று உயிர், மற்றது சாவு.

சரி, இப்போது தெரிவுகளுக்கு வருவோம்.

சலுகை விலை வெள்ளைப் போத்தலை விரைவாகச் சொல்லி முடிக்கலாம். அது மலிவு, பக்கத்தில் கிடைக்கும், பார்க்க அழகு. அந்த அழகுதான் அதன் கேடு. கடையில் விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே எத்தனை வாரம் நின்றதோ தெரியாது. பெரும்பாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஐரோப்பிய ஒன்றியத்து ஒலிவ் எண்ணெய்களின் கலவை' என்று இருக்கும். அது குற்றம் இல்லை, ஆனால் எந்த வருட அறுவடை என்று அதில் தேடினால் கிடைக்காது. 'இந்தத் தேதிக்குள் பாவிப்பது நல்லது' என்ற தேதி மட்டும்தான் இருக்கும். அந்தத் தேதியை எண்ணெயைப் போத்தலில் அடைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்துப் போடுவார்கள், காய் பறித்த நாளிலிருந்து இல்லை. தாங்கியில் ஒரு வருடம் கிடந்த எண்ணெயை இன்றைக்கு அடைத்தாலும் தேதி புதிதாகத்தான் தெரியும். ஸ்பெயினில் 2022இலும் 2023இலும் மழை பொய்த்து விளைச்சல் விழுந்தபோது 2024 தொடக்கத்தில் விலை எங்கும் உச்சிக்குப் போனது. அப்போதும் சில இடங்களில் எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்ற முதல்தர எண்ணெய் மிக மலிவாகக் கண்ணில் பட்டது. விலை எல்லாருக்கும் ஏறும்போது ஒரு போத்தல் மட்டும் இறங்கி நின்றால் நான் அதைத் தொட மாட்டேன்.

தெரிந்தவரின் தோட்டத்துக் கான் கொஞ்சம் மனசைத் தொடுகிற தெரிவு. சொந்த மரம், சொந்தக் காய், மருந்தடிக்காதது என்று சொல்லித் தருவார்கள். ஒருமுறை அப்படி வந்த ஐந்து லீற்றரை நம்பி வாங்கினேன். ஜனவரியில் அடியில் பழுப்பாக ஒரு சேறு படிந்தது. மாசியில் எண்ணெய் முழுவதும் அந்தச் சேற்று மணம் ஏறிவிட்டது. இங்கே அதற்கு 'மோர்க்கியா' என்று தனிப் பெயரே இருக்கிறது. வடிகட்டாத எண்ணெயில் காயின் தசையும் கொஞ்சம் தண்ணீரும் மிச்சம் இருக்கும். அடியில் தேங்கி அது புளிக்கும்.

அதோடு இன்னொரு சிக்கல். சின்னத் தோட்டக்காரருக்கு ஒரே நாளில் எல்லாக் காயையும் பறிக்க ஆள் இருக்காது. தனியாக அரைத்துத் தர ஆலைகள் ஒரு குறைந்தபட்ச அளவு கேட்கும். அது சேரும்வரை காய்கள் சாக்கில் கிடந்து சூடேறி நொதிக்கும். அந்தக் குற்றத்துக்குப் பெயர் 'ரிஸ்கால்தோ', சூடேறியது என்று அர்த்தம். ஊறுகாய் போட்ட ஒலிவின் மணம் வரும். கவலையான விஷயம் என்னவென்றால், நிறையப் பேர் அதைத்தான் 'அசல் ஒலிவ் மணம்' என்று விரும்புகிறார்கள், ஏனென்றால் மலிவு எண்ணெயில் சின்ன வயதிலிருந்து பழகியது அந்த மணம்தான். பெயரொட்டு இல்லாமல் கானில் விற்பதற்கு இத்தாலியச் சட்டத்திலும் இடமில்லை. வீட்டுப் பாவனைக்கு விற்கும் எண்ணெய் ஐந்து லீற்றருக்கு மேற்படாத, மூடி முத்திரையிட்ட கலனில்தான் இருக்க வேண்டும். பறித்த அன்றே அரைப்பதைக் கண்ணால் பார்த்தால் ஒழிய, இந்தத் தெரிவை நான் இப்போது எடுப்பதில்லை.

மிஞ்சுவது இரண்டு: ஆலைத் தகரமும் கறுத்த போத்தலும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ஆலைக்குப் போவதில் இருக்கும் பெரிய இலாபம் விலை இல்லை, கண். கஸ்தெல்வெத்ரானோ பக்கம் நொச்செல்லாரா தெல் பெலீச்சே என்ற காய்தான் ராஜா. சாப்பிடவும் அதுதான், எண்ணெய்க்கும் அதுதான். அதன் எண்ணெயில் தக்காளி இலையைக் கசக்கிய மணம் வரும். பியன்கொலில்லா என்ற காய் மென்மை, தொண்டையை அவ்வளவு பிடிக்காது. செரசுவோலா என்ற இன்னொரு வகை கசப்பும் காரமும் கூடியது. இரவு ஒன்பது மணிக்கு ஆலைக்குள் நுழைந்தால் காதை அடைக்கும் இரைச்சல். காற்றோட்டமான துளைப் பெட்டிகளில் காய்கள் வரிசையாக நிற்கும். சாக்கில் நின்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். கழுவி, அரைத்து, அந்தப் பச்சைக் கூழை அரை மணி நேரம் மாதிரி மெதுவாகப் பிசைகிறார்கள். சூடு 27 பாகைக்கு மேல் போகாமல் இருந்தால்தான் 'குளிர் முறையில் எடுத்தது' என்று ஒட்டலாம். பிறகு சுழலும் இயந்திரம் எண்ணெயைப் பிரித்து, ஒரு குழாய் வாயால் கண்ணைப் பறிக்கிற பச்சையாக விழ விடுகிறது. நூறு கிலோ காய்க்கு பதினைந்து கிலோ எண்ணெய் வந்தால் நல்ல வருடம்.

அங்கே நான் மூன்று கேள்விதான் கேட்பேன். காய் எப்போது பறித்தது? எண்ணெய் வடிகட்டியதா? எங்கே சேமிக்கிறீர்கள்? பறித்த அதே நாள், வடிகட்டியது, துருப்பிடிக்காத உருக்குத் தாங்கியில் நைதரசன் வாயுவுக்குக் கீழே – இந்தப் பதில் வந்தால் பணத்தை எடுக்கலாம். வடிகட்டாத கலங்கல் எண்ணெய் நத்தார் வரைக்கும் சாப்பிட அருமை. ஆனால் வைத்துச் சாப்பிட வடிகட்டியதே நல்லது.

தகரம் வெளிச்சத்தை ஒரு துளி உள்ளே விடாது. இந்த ஒன்றில் எந்தக் கறுத்த போத்தலும் அதை வெல்ல முடியாது. வெளிச்சம் ஏன் இவ்வளவு பொல்லாதது என்றால், எண்ணெயின் அந்தப் பச்சை நிறமே காரணம். இருட்டில் சும்மா கிடக்கும் பச்சையம், வெளிச்சம் பட்டதும் அதை வாங்கி ஒட்சிசனை உசுப்பிவிடுகிறது. உசுப்பிய ஒட்சிசன் கொழுப்பைத் தின்னத் தொடங்கும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு அபாயம்.

இதை எனக்குப் பாடமாகக் காட்டியது என் மாமி. ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்த முதல் வருடம், ஆலையிலிருந்து கொண்டுவந்த வடிகட்டாத எண்ணெயில் அரை லீற்றரை ஒரு வெள்ளைப் போத்தலில் ஊற்றி மேசையில் வைத்திருந்தேன். மாமி அதைத் தூக்கிப் பார்த்தார். "பிள்ளை, எண்ணெய் கலங்கிக் கிடக்கு. ரெண்டு நாள் வெயில்ல வைச்சா தெளிஞ்சிடும்" என்றார். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை அப்படித்தானே வைப்போம். வெயிலில் வைத்தால் கசண்டு அடியில் போய், ஈரம் வற்றி, எண்ணெய் கண்ணாடி மாதிரி வரும். நான் வேலைக்குப் போய்விட்டேன். நான்கு நாள் கழித்து பல்கனியில் அந்தப் போத்தலைக் கண்டேன். தெளிந்துதான் இருந்தது. ஆனால் பச்சை போய் மங்கல் மஞ்சள். மூடியைத் திறந்தால் தக்காளி இலை மணம் எங்கேயோ போய், மெழுகு வண்ணக்கட்டி மணம். தகரத்தில் மிச்சம் இருந்த அதே எண்ணெயைப் பக்கத்தில் வைத்து மணந்து பார்த்தோம். ஒரே மரம், ஒரே நாள், நான்கு நாள் வெயில் மட்டும்தான் வித்தியாசம். மாமி ஒன்றும் பேசவில்லை, இரண்டையும் மாறி மாறி மணந்துகொண்டே இருந்தார்.

நல்லெண்ணெய்க்கு வெயிலைத் தாங்கும் காவல் எள்ளிலேயே இருக்கிறது. செசமோல் என்ற பொருள் அதைச் சிக்கடிக்க விடாமல் நெடுநாள் காக்கும். தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, ஒட்சிசன் அதைச் சுலபமாகத் தொடாது. ஒலிவுக்கும் காவல் உண்டு, அந்தக் கசப்பும் காரமும்தான் காவல். ஆனால் வெளிச்சத்தில் அது சீக்கிரம் செலவாகிவிடும். ஆகவே மாமி செய்தது அறியாமை இல்லை. வேறோர் எண்ணெய்க்கு உரிய சரியான அறிவு.

தகரத்தின் பலவீனம் திறந்த பிறகு தொடங்குகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் நான்கு பேர். மாதம் ஒரு லீற்றர் போகும். வடை, றோல்ஸ் பொரிக்க சூரியகாந்தி எண்ணெய் தனி. மூன்று மாதம் கழித்து தகரத்தில் இரண்டு லீற்றர் எண்ணெய்தான் இருக்கும், அதன் தலைக்கு மேல் மூன்று லீற்றர் காற்று. ஒவ்வொரு தடவை சரிக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகும். வாயில் வழிந்து காய்ந்த எண்ணெய் சிக்கு மணத்தோடு ஒட்டியிருக்கும், அதைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த தடவை எண்ணெய் வெளியே வரும். உள்ளே எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. தகரத்தை வாங்கி அதிலிருந்தே ஐந்து மாதம் ஊற்றுபவர், நல்ல எண்ணெய்க்குக் காசு கொடுத்துவிட்டுக் கடைசி இரண்டு லீற்றரைச் சுமாரான எண்ணெயாகச் சாப்பிடுகிறார்.

கறுத்த அரை லீற்றர் போத்தலில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், அதற்குள் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. திறந்த போத்தலை ஆறு வாரத்துக்குள் முடித்தால் நல்லது என்பது என் அளவு. ஆனால் லீற்றர் கணக்கில் விலை கூட. பேர்பெற்ற பண்ணைப் போத்தல், தோற்றப் பாதுகாப்பு முத்திரையான டி.ஓ.பி. ஒட்டியது என்றால் ஆலைத் தகரத்தை விட எட்டாத தூரத்துக்குப் போய்விடும். அடுத்து, ஆலையில் நீங்கள் கண்ணால் பார்த்ததைக் கடையில் பெயரொட்டிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பெயரொட்டு சொல்வதில் எதை நம்பலாம்? அறுவடை வருடத்தை. '2024/2025 அறுவடை' என்ற மாதிரி இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க அந்த ஒரே அறுவடையின் எண்ணெயாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. எனக்கு அந்த ஒரு வரி மற்ற எல்லாப் பதக்கப் படங்களையும் விடப் பெரிது. புளிப்பு அளவு என்று பலர் பெரிதாகச் சொல்வார்கள். எக்ஸ்ட்ரா வேர்ஜினுக்கு அது 0.8 வீதத்தைத் தாண்டக் கூடாது. 2 வீதம் வரை வெறும் வேர்ஜின். அதற்கும் மேல் போனால் 'லம்பாந்தே', விளக்கெரிக்கும் எண்ணெய் என்று பெயர், சுத்திகரிக்காமல் சாப்பிடக் கூடாது. அந்தப் புளிப்பு நாக்கில் தெரிகிற புளிப்பு இல்லை, கொழுப்பிலிருந்து கழன்ற அமிலத்தின் அளவு. காய் எவ்வளவு நலமாக ஆலைக்குப் போனது என்பதை அது சொல்லும். அதன் பிறகு போத்தல் எந்த வெயிலில் நின்றது என்று சொல்லாது. 'முதல் பிழிவு, குளிர்ப் பிழிவு' என்பதும் இப்போது பெரிய சிறப்பு இல்லை. கவனமாக எடுக்கும் எல்லா ஆலையும் அப்படித்தான் எடுக்கிறது.

பெயரொட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே கடைகளில் எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்று விற்ற இறக்குமதி எண்ணெய்களை யூ.சி. டேவிஸ் பல்கலைக்கழகத்து ஒலிவ் மையம் வாங்கிச் சோதித்து, 2010இல் அறிக்கை வெளியிட்டது. சுவை மண அளவுகோலில் 69 வீத மாதிரிகள் தேறவில்லை. கலப்படம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் வெறும் பழமையும் சூடும் வெளிச்சமும் போதும், நல்ல எண்ணெயைக் கீழே இறக்க.

ஆக, வீட்டில் சுவைத்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். உத்தியோகபூர்வமான சுவைஞர் குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில், 28 பாகை அளவுக்குச் சூடாக்கிக் கொடுப்பார்கள். நீலம் ஏன் தெரியுமா? நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றுதான். கடும் பச்சை நல்லது, மஞ்சள் மட்டம் என்று நாம் சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. குழு முழுவதும் சேர்ந்து ஒரு குற்றம்கூட இல்லை, காயின் மணம் இருக்கிறது என்று சொன்னால்தான் அது எக்ஸ்ட்ரா வேர்ஜின்.

நம் வீட்டுக்குச் சின்னத் தேத்தண்ணிக் கிளாஸ் போதும். ஒரு மேசைக்கரண்டி ஊற்றி, ஒரு உள்ளங்கையால் மூடி, மற்றக் கையால் அடியைப் பொத்திப் பிடித்து ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். கையை எடுத்ததும் மூக்கை வைத்து ஆழமாக இழுங்கள். வெட்டிய புல், தக்காளி இலை, முருங்கை இலை உருவும்போது விரலில் ஒட்டுமே அந்தப் பச்சை மணம் – இதில் ஏதாவது வந்தால் உயிருள்ள எண்ணெய். புளித்த கள்ளு மணம் வந்தால் காய் நொதித்தது. கச்சான் மணம் வந்தால் பழசு. பிறகு ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கால் காற்றை உறிஞ்சி, விழுங்குங்கள். கசப்பு நாக்கின் பின்பக்கம் தெரியும், காரம் சில நொடி கழித்துத் தொண்டையில் வரும். அவசரப்பட்டு 'ஒன்றுமில்லையே' என்று கிளாஸை வைத்துவிடாதீர்கள். பியன்கொலில்லா மாதிரி மென்மையான காயில் காரம் குறைவாக இருப்பது குற்றம் இல்லை; மணம் துப்புரவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மணமும் இல்லை, கசப்பும் இல்லை, வாயில் வெறும் பிசுபிசுப்பு மட்டும் என்றால் அந்த எண்ணெய் பொரியலுக்குப் போகட்டும்.

பிரிட்ஜில் வைத்தால் உறைவது அசல், உறையாதது போலி என்று வட்ஸ்அப்பில் சுற்றும் சோதனையை விட்டுவிடுங்கள். உறைவது காயின் வகையையும் அதிலுள்ள மெழுகையும் நிறைவுற்ற கொழுப்பையும் பொறுத்தது. வேறு எண்ணெய் கலந்ததும் உறையலாம், அசலும் நாள்கணக்கில் உறையாமல் நிற்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பு: தகரமும் போத்தலும் ஒன்றோடொன்று போட்டி போடத் தேவையில்லை. தகரமாக வாங்கி, போத்தலாக வைக்கிறேன். ஆலையிலிருந்து கொண்டுவந்ததும் பத்துக் கறுத்த அரை லீற்றர் போத்தல்களைச் சவர்க்காரமும் கொதிநீரும் விட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கத் தலைகீழாகக் காயவைத்து, புனல் வைத்துக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுவேன். கழுத்து வரை என்பது முக்கியம். உள்ளே ஒரு விரல் அகலம்கூடக் காற்று வேண்டாம். ஒவ்வொன்றிலும் அறுவடை மாதத்தை எழுதிய ஒட்டுத்தாள். ஒரு போத்தல் திறந்திருக்கும்போது மற்ற ஒன்பதும் இன்றைக்கு அடைத்த மாதிரியே காத்திருக்கும்.

போத்தலைக் கழுவாமல் பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றும் பழக்கம் எல்லா நாட்டுக் குசினியிலும் இருக்கிறது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்ப் படலம், பாலுக்கு உறைமோர் விட்ட மாதிரிதான் வேலை செய்யும்; கெடுதலைத் தொடங்கி வைத்துவிடும். செம்பு, இரும்புப் பாத்திரத்திலும் வேண்டாம், அந்த உலோகங்கள் கெடுதலை விரைவுபடுத்தும்.

எங்கே வைப்பது என்பதில் பலரும் பிழை விடுவது அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரியில். கைக்கு எட்டும், ஆனால் ஒவ்வொரு சமையலிலும் சூடு ஏறி இறங்கும். எண்ணெய்க்குப் பிடித்தது 14 முதல் 18 பாகை. பலெர்மோவில் சிரோக்கோ என்ற வெப்பக் காற்று அடிக்கும் நாளில் குசினி 35 பாகையைத் தொடும். அதனால் என் போத்தல்கள் வடக்குச் சுவரோரம், தரையோடு ஒட்டிய அலுமாரியில் நிற்கின்றன. ஆடி ஆவணியில் கைவசம் உள்ள போத்தலை பிரிட்ஜில் வைப்பேன். வெள்ளையாகக் கட்டி தட்டும், பயப்பட வேண்டாம், வெளியே எடுத்தால் பழையபடி வரும். ஆனால் தினமும் உள்ளே வெளியே என்று அலைக்கழிக்காமல், ஒரு சின்னப் போத்தலில் பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து வாசிப்பவர்களுக்கு வருடம் முழுவதும் எங்கள் ஆடி மாதம்தான். ஐந்து லீற்றர் தகரம் அங்கே வேண்டவே வேண்டாம். அறுவடை வருடம் எழுதிய 250 மில்லியோ அரை லீற்றரோ, கறுத்த கண்ணாடியிலோ சின்னத் தகரத்திலோ வாங்கி, கடைத் தட்டின் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையிலிருந்து எடுத்து, நேரே பிரிட்ஜுக்குக் கொண்டுபோங்கள். லண்டன், ரொறன்ரோ குளிர் ஊர்க்காரருக்கு நான் செய்வது அப்படியே பொருந்தும். பெரிய குடும்பமானால் அட்டைப் பெட்டிக்குள் பை வைத்து வரும் மூன்று லீற்றர் எண்ணெயும் நல்ல தெரிவு. ஊற்ற ஊற்றப் பை சுருங்கும், காற்று உள்ளே போகாது, வெளிச்சமும் இல்லை. பார்க்க அழகு இல்லை என்று பலர் வாங்குவதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். சிட்னி, மெல்பேர்ன்காரருக்குச் சொந்த நாட்டு அறுவடையே சித்திரை தொடங்கி ஆனி, ஆடி வரை நடக்கிறது. இத்தாலிப் பெயருக்கு ஆசைப்பட்டுக் கப்பலில் வந்த பழசைத் தேட வேண்டாம். நாங்களேகூட ஐப்பசியில் கைவசம் உள்ளது களைத்துப்போகும்போது, தென்கோளத்திலிருந்து வரும் போத்தல் கண்ணில் பட்டால் அறுவடை மாதம் பார்த்து ஒன்று எடுப்பதுண்டு.

எங்கள் ஐந்து லீற்றர் சித்திரைக்கு முன்பே தீர்ந்துவிடும், தீர வேண்டும். அதன் பிறகு அடுத்த நவம்பர் வரை அதே அறுவடையின் கறுத்த போத்தலைக் கடையில் ஒவ்வொன்றாக வாங்குகிறேன். பத்து லீற்றராக வாங்கி வைத்தால் மலிவுதானே என்று கேட்பார்கள். கோடை தாண்டிய எண்ணெயில் மிஞ்சுவது அந்த மலிவு மட்டும்தான்.

மாமி வெயிலில் வைத்த அரை லீற்றரை நாங்கள் கொட்டவில்லை. எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பலெர்மோவின் காவல் புனிதை சந்தா ரொசாலியாவின் படமும் இருக்கிறது. மொன்தே பெல்லெக்ரீனோ மலையேறிக் கும்பிட்டு வந்தபோது வாங்கியது. மாமி அந்தப் போத்தலைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். தைப்பொங்கல் வரை விளக்கு அந்த எண்ணெயில்தான் எரிந்தது.